சிவாஜிக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து எழுதுறேன். உங்க பேப்பரை 40 வருஷமா வாங்குறவன், ஞாயித்துக்கிழமைன்னா தே தாரேக் ஆறிப் போனாலும் பரவால்லன்னு முதல் பக்கத்துல இருந்து மரண அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாம படிக்கிறவன். அதனால கொஞ்சம் உரிமையோட எழுதுறேன், கோவிச்சிக்காதீங்க.

போன மாசம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்துல நம்ம பசங்க கொஞ்ச பேர் சேர்ந்து 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகத்தைப் போட்டாங்க. மராட்டிய ராஜா சிவாஜி முடி சூட்டிக்கிட்ட கதை, அண்ணா எழுதுனது, 'சந்திரமோகன்'னும் அதுக்கு இன்னொரு பேரு உண்டு. அதைப் பத்தி உங்க பேப்பர்ல 3 படத்தோட செய்தி வந்துச்சு. 3 படத்துலயும் டத்தோ இருக்காரு, அதான் டத்தோ பட்டம் வாங்குன சிறப்பு விருந்தினர். முதல் படத்துல டத்தோ குத்துவிளக்கு ஏத்துறாரு, ரெண்டாவதுல டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்துறாங்க, மூணாவதுல டத்தோ அந்த அட்டையில செஞ்ச பெரிய செக்கைப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறாரு, பக்கத்துல கிரீடம் வச்ச சிவாஜி பாதி மூஞ்சி செக்குக்குப் பின்னால மறைஞ்சு போய் நிக்கிறாரு. நாடகம் எப்படி இருந்துச்சு, யாரு நடிச்சாங்க, யாரு டைரக்ட் பண்ணாங்க, ஒரு வரி கிடையாது. 'விழா இனிதே நிறைவுற்றது'ன்னு முடிச்சிட்டீங்க.

சரி, அதுகூட நமக்குப் பழகினதுதான். ஆனா அடுத்த வாரம் 2 வாசகர் கடிதம் போட்டீங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் நானும் எழுதணும்னு உக்காந்தேன். ஒருத்தர் இது இந்து மதத்தையும் இந்து ராஜாவையும் கேவலப்படுத்துற நாடகம், இதுக்கு எப்படி மண்டபம் குடுத்தாங்கன்னு கேக்குறாரு. இன்னொருத்தர் இது தமிழ்நாட்டு பழைய அரசியல், பாப்பான் சண்டையெல்லாம் மலேசியாவுல எதுக்கு, நமக்கு இங்க ஆயிரம் பிரச்சனை இருக்குன்னு எழுதியிருக்காரு. ரெண்டு பேரும் நாடகம் பார்த்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்கன்னு என் எண்ணம். நான் பார்த்தேன். கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்தேன், அதைச் சொல்லிக்கிறதுல எனக்குப் பெருமைதான், ஏன்னா கடைசி வரைக்கும் இருந்தவங்க அன்னைக்கு கம்மி.

நடந்ததைச் சொல்றேன். டிக்கெட்ல ராத்திரி 7 மணின்னு போட்டிருந்துச்சு. நானும் என் வீட்டுக்காரியும் ஆறே முக்காலுக்கே போய் உக்காந்துட்டோம். 7 ஆச்சு, ஏழரை ஆச்சு, டத்தோ வழியில இருக்காருன்னு எம்சி பொண்ணு 3 தடவை சொல்லிருச்சு, பெடரல் ஹைவேல ஜாமாம். எட்டு பத்துக்கு டத்தோ வந்தாரு. வாசல்ல வரவேற்க யாரை நிறுத்தி வச்சிருந்தாங்கன்னு நினைக்கிறீங்க? சிவாஜியை. வேஷம் கட்டின சிவாஜி, இடுப்புல வாளு, நெத்தியில பிறை, கையில மாலையோட ஒரு மணி நேரமா வாசப்படியில வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறாரு. பாவம் பசி தாங்காம நடுவுல ஒரு வடையைக் கடிச்சதையும் நான் பார்த்தேன், ஒட்டு மீசையில துண்டு ஒட்டிக்கிச்சு. டத்தோ வந்ததும் சத்ரபதி குனிஞ்சு மாலை போடுறாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல, சத்தமா சிரிச்சிட்டேன், வீட்டுக்காரி தொடையில கிள்ளுனா. அவளுக்குப் புரியல நான் எதுக்குச் சிரிச்சேன்னு. நாடகமே அதைப் பத்தினதுதான்னு அப்ப அவளுக்குத் தெரியாது.

நாடகம் என்ன கதைன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். சிவாஜி சண்டை போட்டு நாட்டைப் புடிச்சிட்டாரு. கோட்டை இருக்கு, குதிரைப்படை இருக்கு, கஜானா இருக்கு. முடி சூட்டிக்கலாம்னு பார்த்தா உள்ளூர் பிராமணங்க நீ சூத்திரன், உனக்கு முடி சூட்ட சாஸ்திரத்துல இடம் இல்லன்னுட்டாங்க. உடனே காசிக்கு ஆளனுப்பி காகபட்டரை வரவழைக்கிறாரு. காகபட்டர் வர்றாரு, கூட சிஷ்யன் ரங்குபட்டர், அந்த ரெண்டு பேரும் பேசுற பேச்சுக்கு இன்னைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். சிவாஜிகிட்ட சந்திரமோகன்னு ஒரு வீரன் இருக்கான், அவன் இது வேணாம் ராஜா, நம்ம வாளு குடுத்த பதவிக்கு இவன் எதுக்கு முத்திரை குத்தணும்னு சண்டை புடிக்கிறான். கடைசியில சிவாஜிக்கு முடி கிடைக்குது, சந்திரமோகனை இழந்துடுறாரு.

1940கள்ல இது மெட்ராஸ்ல மேடை ஏறுனப்ப முதல்ல எம்ஜிஆர்தான் சிவாஜியா நடிக்கிறதா இருந்துச்சு, அது நடக்காம வி.சி.கணேசன்னு ஒரு ஒல்லிப் பையன் நடிச்சான், பார்த்துட்டு பெரியாரே அவனுக்கு 'சிவாஜி'ன்னு பேர் வச்சாரு, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. காகபட்டரா நடிச்சது அண்ணாவேதான், அது நிறைய பேருக்குத் தெரியாது. எழுதுனவரே வில்லன் வேஷம் கட்டிக்கிட்டாரு. எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா அந்த வேஷத்தை வேற யாருகிட்ட குடுத்தாலும் வெறும் குடுமியும் தொந்தியுமா ஆக்கிடுவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நல்ல மூளைக்காரன் ஒருத்தன் குரலை உசத்தாம பேசுனாதான் அந்த ஆளு எப்படி ஜெயிக்கிறான்னு சனங்களுக்குப் புரியும்.

இப்ப அந்த முதல் கடிதக்காரருக்கு. ஐயா, அண்ணா கற்பனை கலந்திருக்காரு, சந்திரமோகன் காதல் கதையெல்லாம் மேடைக்காக வச்சதுதான், ஆனா அடிப்படை விஷயம் சரித்திரத்துல இருக்கு. 1674 ஜூன் 6, ராய்கட் கோட்டை, காசியில இருந்து வந்த காகபட்டர், இது யாரும் மறுக்காதது. சிவாஜி வம்சம் உதய்ப்பூர் சிசோதியா ராஜபுத்திர வம்சம்னு ஒரு வம்சாவளியைக் காட்டி அவரை சத்திரியன்னு ஏத்துக்கிட்டாங்க. மே மாசக் கடைசியில, நாப்பது தாண்டின வயசுல, அவருக்குப் பூணூல் கல்யாணம் நடந்துச்சு. ஏற்கனவே கட்டின பொண்டாட்டிங்களையே மறுபடி வேத முறைப்படி கட்டினாரு. யதுநாத் சர்க்கார் எழுதுன சரித்திரத்துல கணக்கே இருக்கு, பூணூல் சடங்குக்கு காகபட்டருக்கு மட்டும் 7,000 ஹொன் தங்கக்காசு, அப்புறம் படையெடுப்புல பிராமணங்களும் பசுவும் பொம்பளைங்களும் செத்த பாவத்துக்குப் பரிகாரம்னு தனியா 8,000 ரூபாய். தங்கத்தை ஒரு தட்டுல வச்சு ராஜாவை ஒரு தட்டுல வச்சு துலாபாரம் வேற. ரெண்டு வாரத்துக்குள்ள அம்மா ஜீஜாபாய் செத்துப் போயிட்டாங்க. உடனே ஒருத்தர் வந்து முதல் பட்டாபிஷேகத்துல குறை இருக்கு, நாள் சரியில்லன்னு சொல்லி, செப்டம்பர் 24ஆம் தேதி நிச்சல்புரி கோசாவிங்கிறவர் தாந்திரிக முறையில இன்னொரு பட்டாபிஷேகம் பண்ணி வச்சாரு. 4 மாசத்துல ஒரே ஆளுக்கு 2 தடவை முடி. இதைச் சொல்றது மதத்தைக் கேவலப்படுத்துறதா? நடந்ததைச் சொல்றது. அந்த நாடகத்துல சிவாஜியை ஒரு இடத்துலகூட கோழைன்னு காட்டல, எல்லாரையும் விடப் பெரிய மனுஷனாதான் காட்டுறாரு, அதனாலதான் அவர் குனியிறப்ப நமக்கு வலிக்குது.

ரெண்டாவது கடிதக்காரருக்கு, இது மலேசியாவுக்கு எதுக்குன்னு கேட்டவருக்கு, எங்க அப்பா கதையைச் சொல்லணும்.

எங்க அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. பெரியார் 1929லயே பினாங்குல வந்து இறங்கி ஈப்போ வரைக்கும் போய் பேசிட்டாரு, அந்தப் பேச்சு கேட்டவங்க மூலமா புஸ்தகமெல்லாம் தோட்டத்துக்குள்ள வந்து ரொம்ப காலம் ஆச்சு. அண்ணா 1965ல இங்க வந்தாரு, அந்த வருஷம்தான் எங்க தோட்டத்து இளைஞர் மன்றம் மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த நாடகத்தைப் போட்டுச்சு. அட்டை கிழிஞ்ச புஸ்தகம் ஒண்ணு, யாரோ பினாங்குல இருந்து கொண்டாந்தது. எண்ணெய் டிரம் மேல பலகை போட்டு மேடை, காஸ் லைட்டு, ஜிங்கு தகரத்துல வெட்டின வாளு. எனக்கு 8 வயசு, முன்னாடி மண்ணுல உக்காந்திருந்தேன். அப்பாதான் காகபட்டரு.

அப்பா காசிக்கும் போனதில்ல, ஒரு சாஸ்திரியைக் கிட்டக்கப் பார்த்ததும் இல்ல. அவருக்குத் தெரிஞ்ச ஒரே அதிகாரம் தோட்டத்துக் கிராணி, அதான் பால் நிறுத்து கணக்கு எழுதுற குமாஸ்தா. அதனால காகபட்டருக்குக் கிராணியோட நடையைப் போட்டுட்டாரு. காதுல பென்சில், மூக்கு நுனியில கண்ணாடி, ஆளை நேரா பார்க்காம கண்ணாடிக்கு மேல பார்க்குற பார்வை, பால் நிறுக்குறப்ப கிராணி 'ம்ம்ம்'னு இழுப்பாரே அந்த இழுப்பு. சிவாஜியோட வம்சாவளி ஓலையை வாங்கி பால் வாளியைப் பார்க்குற மாதிரி மோந்து பார்த்தாரு பாருங்க, சனம் அலறுச்சு. நிஜக் கிராணி முன்வரிசையில நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு, அவரும் சேர்ந்து சிரிச்சாரு. தொரை பத்து நிமிஷம் இருந்துட்டு மாலையோட போயிட்டாரு, அவருக்கு ஒண்ணும் புரியல.

மறுநாள் காலையில ஸ்டோர்ல பால் நிறுக்குறப்ப அப்பா பால்ல தண்ணி கலந்திருக்குன்னு கிராணி எழுதிட்டாரு. ராத்திரியோட ராத்திரியா யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லிட்டாங்க. அந்த வாரம் பூரா அப்பா கணக்குல பால் குறைஞ்சுச்சு. இதுல எனக்கு மறக்க முடியாதது அது இல்ல. அடுத்த மாசம் எங்க அக்கா கல்யாணம், பத்திரிகையை முதல் ஆளா யாருக்கு வைக்கணும்னு வீட்டுல பேச்சு வந்தப்ப அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வெத்தலைத் தட்டோட கிராணி பங்களாவுக்குதான் முதல்ல போனாரு. கிராணி வந்து நின்னாதான் மாப்பிள்ளை வீட்டுல நமக்கு மதிப்புன்னாரு. மேடையில அவ்வளவு கிண்டல் பண்ண மனுஷன்! அம்மாகூட கேட்டாங்க, என்னங்க காகபட்டரே, நீங்களே சிவாஜி ஆயிட்டீங்களான்னு. அம்மா வாய்க்கு எப்பவுமே சென்சார் கிடையாது.

இப்ப மறுபடி அந்த மண்டபத்துக்கு வர்றேன். டத்தோ வந்து, விளக்கு ஏத்தி, 35 நிமிஷம் பேசுனாரு, சிவாஜி மாதிரி நம்ம சமுதாயமும் முன்னேறணும்னாரு. செக் குடுத்தாரு. நாடகம் ஆரம்பிச்சு முதல் 3 சீன் பார்த்தாரு. காகபட்டர் காசியில இருந்து கிளம்புற கட்டத்துல டத்தோவும் கிளம்பிட்டாரு, அவரோட முன்வரிசை, ரெண்டாவது வரிசை எல்லாம் எழுந்து பின்னாலயே போயிருச்சு. பார்க்க வேண்டிய சீனுக்கு முன்னால பார்க்க வேண்டியவங்க எல்லாம் போயாச்சு. அப்புறம் மேக்கப் போட்ட அக்கா, டிக்கெட் கிழிச்ச பசங்க, வாட்ச்மேன் எல்லாரும் வந்து அந்த வெல்வெட் சீட்டுல உக்காந்துட்டாங்க, அது நல்லா இருந்துச்சு.

பசங்க காகபட்டரை எப்படிக் காட்டுனாங்கன்னு கேளுங்க. குடுமி இல்ல, தொந்தி இல்ல. வெள்ளைச் சட்டை, கழுத்துல ஒரு டேக், முன்னாடி மேசை, மேசையில ரப்பர் ஸ்டாம்ப். பூணூல் மட்டும் சட்டைக்கு மேல தெரியிற மாதிரி போட்டிருந்தாரு. வாசல்ல வேர்த்துக்கிட்டு நின்ன அதே சிவாஜி இப்ப மேடை ஓரத்துல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்காரு. மடியில ஒரு பைலு. கையில நம்பர் சீட்டு. காகபட்டர் நிமிர்ந்துகூட பார்க்கல. கொட்டாவி விடுறாரு, டீ குடிக்கிறாரு, ரங்குபட்டர்கிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேசுறாரு. சிவாஜி எழுந்திருக்கப் போறாரு, ரங்குபட்டர் கையைக் காட்டி உக்காருங்கிறான். ராஜா உக்காந்துடுறாரு. 4, 5 நிமிஷம் வசனமே இல்ல சார். மண்டபத்துல ஒரு சத்தம் இல்ல.

அந்தச் சீன்லதான் எனக்கு என்னமோ ஆயிருச்சு. வயசுல இந்த நாடகத்தைப் படிச்சப்ப எனக்கு சிவாஜி மேலதான் கோவம். இவ்வளவு பெரிய வீரன் இப்படிப் போய் கால்ல விழுறானேன்னு. நான் சந்திரமோகன் கட்சி, எல்லா இளவட்டமும் சந்திரமோகன் கட்சிதான். ஆனா அன்னைக்கு அந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம் வந்துருச்சு. பெரியம்மா இங்கயே பொறந்தவங்க, தோட்டத்து லயத்துல மருத்துவச்சி கையால பொறந்தவங்க, சூரா பேராணாக், அதான் பிறப்புப் பத்திரம், கிடையாது, யாரும் பதிஞ்சு வைக்கல. சாகுற வரைக்கும் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற சிவப்பு ஐசிதான். 1969க்கு அப்புறம் வொர்க் பெர்மிட் பிரச்சனை வந்தப்ப அவங்க கூடப் பொறந்தவங்க கப்பல் ஏறிப் போயிட்டாங்க, பெரியம்மா போக மாட்டேன்னுட்டாங்க. நான் பொறந்த ஊரை விட்டு நான் எங்கடா போறதுன்னு. அப்புறம் வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டிக் பைலைத் தூக்கிக்கிட்டு கவுண்டர் கவுண்டரா போவாங்க, நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். அதே மாதிரிதான் உக்காந்திருப்பாங்க, பைலு மடியில, ரெண்டு கையும் பைலு மேல. நம்பர் வந்தா சேலையைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்திருப்பாங்க. இன்னொரு கடுதாசி கொண்டா, இன்னொரு சாட்சி கொண்டா. 50 வருஷமா பால் வெட்டுனது சாட்சி இல்லையான்னு ஒரு தடவை கேட்டாங்க, தமிழ்லதான் கேட்டாங்க, கவுண்டர்ல இருந்த ஆளுக்குப் புரியல, நான் மொழிபெயர்க்கல.

அப்ப சிவாஜியை எப்படி நான் திட்ட முடியும்? அவரு பக்கம் யோசிச்சுப் பாருங்க. அப்பா பீஜப்பூர் சுல்தான்கிட்ட வேலை பார்த்தவரு. டெல்லிக்காரனுக்கு அவரு ஒரு கலகக்காரன். பக்கத்து மராட்டா பெரிய குடும்பமெல்லாம் நீயும் எங்களை மாதிரி ஒருத்தன்தானேன்னு நினைச்சாங்க. அவரு வசூல் பண்ண வரி வரியா இல்ல கொள்ளையான்னு முடிவு பண்றதே அந்த முடிதான். கோட்டை மட்டும் இருந்தா போதாது, பேப்பர் வேணும். 1666ல ஆக்ராவுல ஔரங்கசீப் தர்பாருக்குப் போனப்ப அவரை எங்க நிறுத்துனாங்க தெரியுமா, 5,000 தரத்து மன்சப்தாருங்க, அதான் பாதுஷாவோட அதிகாரிங்க, நிக்கிற வரிசையில. இது என் வரிசை இல்லன்னு கோவிச்சிக்கிட்டு தர்பாரை விட்டே திரும்புனாரு, அப்புறம் காவல்ல வச்சாங்க, அவரு தப்பிச்சது தனிக் கதை. வரிசைன்னா என்ன, முன்னால நிக்கிறதுன்னா என்ன, பின்னால நிக்கிறதுன்னா என்னன்னு அந்த மனுஷனுக்கு உடம்புல தெரியும். பாதுஷா போட்ட வரிசையை ஏத்துக்காத ஆளு 8 வருஷம் கழிச்சு காசிக்கு ஆளனுப்புறாரு. என்னைப் பொறுத்த வரைக்கும் நாடகமே இந்த 8 வருஷத்துக்கு நடுவுலதான் இருக்கு. காகபட்டர் கெட்டவரா நல்லவரா, பிராமணங்க எப்படி, இதெல்லாம் ரெண்டாவது கேள்வி. அவரு தானா வரல, கூப்பிட்டாங்க, வந்தாரு. அவரை அந்த மேசைக்குப் பின்னால உக்கார வச்சது யாரு?

இங்க ஒரு விஷயம் ஜாக்கிரதையா சொல்லணும். பெரியம்மா கேட்ட பேப்பரும் டத்தோ வாங்குன பேப்பரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. பெரியம்மா இருக்குறதுக்குக் கேட்டாங்க. சுல்தான் குடுக்குற விருதை நான் குறை சொல்லவும் இல்ல, உழைச்சு வாங்குனவங்களை எனக்குத் தெரியும், 30 வருஷம் ஆஸ்பத்திரியில சேவை செஞ்ச டாக்டர் ஒருத்தருக்குக் கிடைச்சப்ப நாங்களே தெருவுல பட்டாசு வெடிச்சோம். நான் சொல்றது கீழ இருக்குற நம்ம பழக்கத்தை. ஒரு கல்யாணத்துல டத்தோ வரலன்னா தாலி கட்ட நேரம் தள்ளுறோம். கோயில் கும்பாபிஷேகத்துல தண்ணி ஊத்துற ஐயர் காத்துக்கிட்டு நிக்கிறாரு. போலி டத்தோ பட்டம் வித்த கதையெல்லாம் உங்க பேப்பர்லயே எத்தனை தடவை வந்திருக்கு, காசு குடுத்து வாங்கி ஏமாந்தவங்களைப் பார்த்து சிரிச்சோம், ஆனா அவங்க வாங்குனது எதுக்கு, நாம எழுந்து நிக்கிறோம்ல, அதுக்குத்தானே? 7,000 ஹொன்னு குடுத்தவருக்கும் அதே கணக்குதான்.

இன்னொண்ணு, இந்த நாடகம் போட்ட இயக்கத்துக்கும் ஒரு குட்டு வைக்கணும். பட்டம் குடுக்குறதுக்கு நீ யாருடான்னு நாடகம் போட்டவங்க, அந்த நாடகம் முடிஞ்ச கையோட கணேசனுக்கு ஒரு பட்டம் குடுத்தாங்க. பெரியாருங்கிறதே 1938ல மெட்ராஸ்ல பெண்கள் மாநாட்டுல குடுத்த பட்டம்தான். பேரறிஞர், கலைஞர், புரட்சித் தலைவர், நடிகர் திலகம்னு போஸ்டர்ல பேருக்கே இடம் இல்லாம போயிருச்சு. அது சனங்க குடுத்ததுன்னு சொல்வாங்க, கால்ல விழாம கிடைச்சதுன்னு சொல்வாங்க, கொஞ்சம் உண்மைதான். ஆனா கொஞ்சம்தான். இதை நான் நாடகம் முடிஞ்சு டைரக்டர் தம்பிகிட்ட சொன்னேன், தம்பி சிரிச்சுக்கிட்டே ஐயா அடுத்த தடவை இதையும் சேர்த்துடுறோம்னுச்சு.

கடைசி சீன் ஒண்ணு சொல்லிடுறேன், உங்க செய்தியில வராததால. சந்திரமோகன் வாளைக் கழட்டி வைக்கிற இடம். சாதாரணமா இந்த இடத்துல நடிகருங்க நெஞ்சைத் தூக்கி வசனம் விளாசுவாங்க, கைத்தட்டு வாங்குவாங்க. இந்தப் பையன் கத்தல. வாளை எங்க வைக்கிறதுன்னு தேடுறான். சிம்மாசனத்துப் பக்கத்துல தராசு இருக்கு, பழைய இரும்புக் கடையில கிடைக்கும்ல அந்தப் பெரிய தராசு, துலாபாரத்துக்காக ஒரு தட்டுல தங்கம் குமிச்சிருக்கு. காலித் தட்டுல வாளை மெதுவா வைக்கிறான். தட்டு அசையவே இல்ல. தங்கம் அவ்வளவு கனம். அதைப் பார்த்துட்டு சிவாஜி முகத்தைத் திருப்பிக்கிறாரு, சந்திரமோகன் மேடையில இருந்து இறங்கி காலியா கிடந்த முன்வரிசை வழியா நடந்து வெளிய போயிடுறான், கதவு சாத்துற சத்தம் கேக்குது. வெளிய நிஜ ரோட்டுல ஒரு மோட்டார்சைக்கிள் போச்சு. அதுவும் நாடகத்துல ஒரு பங்குன்னு நான் நினைச்சிட்டேன், இல்லையாம், சும்மா எவனோ போனானாம்.

முடிஞ்சு வெளிய வந்தா கார் பார்க்குல சிவாஜி கிரீடத்தை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு கையில மாட்டிக்கிட்டு கிராப் காருக்குப் போன் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. தம்பி ரொம்ப நல்லா பண்ணீங்கன்னேன். நன்றி அங்கிள், மீசையில வடை ஒட்டியிருந்தது தெரிஞ்சுச்சான்னு கேட்டாரு. தெரியலன்னு பொய் சொன்னேன்.

அந்த செக்கு என்னாச்சுன்னும் கேட்டேன். அட்டை வந்துருச்சு, காசு இன்னும் வரல அங்கிள்னாரு. அது அன்னைக்கு நிலவரம், இப்ப வந்திருக்கும்னு நம்புறேன்.

இந்தப் பசங்க பினாங்குலயும் போடப் போறதா பேசிக்கிறாங்க. அப்படிப் போட்டா நீங்க ஒரு நிருபரை அனுப்புங்க, விளக்கு ஏத்துறதுக்கு இல்ல, பாதிக்கு மேல வரச் சொன்னாலும் போதும். நடிச்ச பசங்க பேரெல்லாம் தாளோட பின்பக்கத்துல இருக்கு, இடம் இருந்தா அதையாவது போடுங்க. 7 மணின்னு போட்டா 7 மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்க, நான் செந்தூல்ல இருந்து பஸ் ஏறி வர்றேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்

பி.கு: என் பேரைப் போட வேணாம். போன வருஷம் நான் குப்பை லாரி விஷயமா எழுதுன கடிதத்துல என் பேருக்கு முன்னால தவறுதலா 'டத்தோ'ன்னு அச்சடிச்சிட்டீங்க. திருத்தம் போடச் சொல்லி போன் பண்ணலாம்னுதான் இருந்தேன், பண்ணல. வீட்டுக்காரி அதை வெட்டி பிரேம் போட்டு வச்சிருக்கா, ஹால்ல இருக்கு.